ரூட் செய்த ஃபோனில் ஃபைல் மேனேஜர் எப்படி உள்ளே போகிறது?

2011 வாக்கில் ஆண்ட்ராய்டு ஃபோன் வாங்கியவர்களுக்கு அந்தக் காலிக் கட்டங்கள் நினைவிருக்கும். தமிழ்ச் செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால், எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கட்டங்கள் நிற்கும். ஓபரா மினி உலாவியில் ஓர் அமைப்பை மாற்றினால் தமிழ் எழுத்துகள் படமாக வந்து சேரும். ஆனால் அது அந்த உலாவிக்கு மட்டும்தான். குறுஞ்செய்தியிலும் தொடர்புப் பட்டியலிலும் தமிழ் தெரிய வேண்டுமென்றால் ஃபோனுக்குள்ளேயே தமிழ் எழுத்துரு இருக்க வேண்டும். அதை வைக்க வேண்டிய இடம் 'சிஸ்டம்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்'. அங்கே எதையும் வைக்க ஃபோன் விடாது. அதனால் ரூட் செய்தோம், அதாவது ஃபோன் நமக்குத் தராமல் பூட்டி வைத்திருக்கும் முழு உரிமையை எடுத்துக்கொண்டோம்.

என் முதல் ரூட் அதற்காகத்தான். ரூட் எக்ஸ்ப்ளோரர் என்ற ஃபைல் மேனேஜரின் மேல்பகுதியில் ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தொட்டால், படிக்க மட்டும் அனுமதித்துக்கொண்டிருந்த சிஸ்டம் பகுதி எழுதவும் இடம் கொடுக்கும். தமிழ் சேர்த்த எழுத்துருவை அங்கே ஒட்டி, பழைய ஃபைலுக்குப் பதிலாக வைத்துவிட்டு, ஃபோனை அணைத்துப் போட்டேன். சின்னம் தெரிந்தது, அதைத் தாண்டி நகரவே இல்லை. கடையில் கொடுத்து மென்பொருளை முழுசாக மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. வைத்த ஃபைல் சரியானது, வைத்த இடமும் சரியானது. அந்த ஃபைலை யாரெல்லாம் படிக்கலாம் என்ற அனுமதியைத்தான் நான் மாற்றாமல் விட்டிருந்தேன். எழுத்துருவைப் படிக்க முடியாமல் ஃபோன் தொடங்குவதும் நிற்பதுமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

(அனுமதியைச் சரிசெய்து இரண்டாவது முறை வைத்தபோது தமிழ் தெரிந்தது. ஆனாலும் 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பு இடம் மாறி நின்றது. எழுத்துரு இருந்தால் போதாது, எழுத்துகளைக் கோக்கும் நிரலும் வேண்டும். 4.0 காலத்தில்தான் இவையெல்லாம் ஆண்ட்ராய்டுக்குள்ளேயே வரத் தொடங்கின.)

அன்று கற்றுக்கொண்டதை இன்றும் பலருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிஸ்டம் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதால் எந்த ஃபோனும் கெடாது. அதில் ஒரு ஃபைலை ஒட்டும்போதுதான் கெடுகிறது. ஃபைல் மேனேஜர் பெயரையும் அளவையும் தேதியையும் காட்டும். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் சுமந்திருக்கும் மூன்று அடையாளங்களை, நாம் தேடிப் போனாலொழிய, காட்டாது. அவை என்ன என்பதற்கு முன், பூட்டு எப்படிப் போட்டிருக்கிறது என்று பார்ப்போம்.

ஆப்புக்கு ஓர் எண்

ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது லினக்ஸ். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்து மரபில் வந்தது அது. ஆளுக்கு ஓர் எண் உண்டு, ஃபைலுக்கு ஓர் உரிமையாளர் உண்டு, அனுமதி இல்லாமல் அடுத்தவர் ஃபைலில் கை வைக்க முடியாது. ஃபோனைப் பயன்படுத்துவது பெரும்பாலும் ஒருவர்தான். ஆகவே ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் ஆளுக்கு எண் தருவதை விட்டுவிட்டு ஆப்புக்கு எண் தந்தார்கள். நாம் நிறுவும் ஒவ்வொரு ஆப்புக்கும் 10000-லிருந்து தொடங்கி ஓர் எண் கிடைக்கும். ஒரு ஃபைலின் உரிமையாளர் யு0_ஏ143 என்று தெரிந்தால் அது 10143 என்ற எண் கொண்ட ஆப்புக்குச் சொந்தம். வாட்ஸ்அப் ஓர் எண், வங்கி ஆப் வேறோர் எண். ஒன்றின் வீட்டுக்குள் மற்றொன்று போக முடியாது.

ஃபைல் மேனேஜரும் இந்தக் கணக்கில் இன்னோர் ஆப்தான். அதற்குச் சிறப்பு உரிமை எதுவும் கிடையாது. எல்லா ஆப்புகளும் பகிர்ந்துகொள்ளும் சேமிப்பிடம் மட்டுமே அதற்குத் தெரியும். 'எஸ்டி கார்டு' என்ற பழைய பெயரில் அது தோன்றினாலும் உண்மையில் அட்டை அல்ல. 'டேட்டா' பகுதியில் 'மீடியா' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் '0' என்ற ஃபோல்டர். நாள்தோறும் நாம் பார்க்கும் படங்களும் பதிவிறக்கங்களும் அந்த ஒரே அறைக்குள் அடக்கம். மீதி வீடு முழுக்கக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

0 என்ற எண் மட்டும் தனி. அதன் பெயர்தான் ரூட். இந்த எண்ணில் ஓடும் நிரலை உரிமையாளர், அனுமதி என்ற பழைய சட்டங்கள் தடுப்பதில்லை. ஃபோனை விற்கும்போது அந்த எண்ணைப் பயன்படுத்தும் வழியை அடைத்துத்தான் விற்கிறார்கள்.

முதல் ஆண்ட்ராய்டு ஃபோனிலேயே அந்த வழி திறந்துகொண்டது. 2008 அக்டோபரில் டி-மொபைல் ஜி1 விற்பனைக்கு வந்தது. அடுத்த மாதமே ஒரு விஷயம் வெளியே வந்தது: அந்த ஃபோனின் விசைப்பலகையில் எதைத் தட்டினாலும், அது எந்த ஆப்பில் தட்டியதாக இருந்தாலும், பின்னணியில் ரூட் உரிமையோடு ஓடிக்கொண்டிருந்த ஒரு கட்டளைத் திரைக்கும் சேர்ந்தே போய்க்கொண்டிருந்தது. நண்பருக்குச் செய்தி எழுதும்போது 'ரீபூட்' என்ற சொல்லைத் தனியாகத் தட்டி என்டர் அழுத்தினால் ஃபோன் அணைந்து மீண்டும் தொடங்கியது. வெளியிலிருந்து கட்டளைகளை வாங்கும் 'டெல்நெட்டி' என்ற நிரலின் பெயரைத் தட்டியவர்களுக்கு முழு ஃபோனும் கைக்கு வந்தது. அடுத்த மென்பொருள் பதிப்பிலேயே ஓட்டையை அடைத்தார்கள். ஆனால் ரூட் என்ற பழக்கம் அதற்குள் பிறந்துவிட்டது.

ஃபைல் மேனேஜர் ரூட் ஆவதில்லை

பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. ரூட் செய்த ஃபோனில் ஒரு ஃபைல் மேனேஜரைத் திறந்தால் அது ரூட்டாக மாறிவிடுவதில்லை. அதன் எண் அதே 10000 சொச்சம்தான். பூட்டிய ஃபோல்டரைத் தொட்டவுடன் அது 'எஸ்யூ' என்ற சின்ன நிரலை அழைக்கும். மேஜிஸ்க் போன்ற ரூட் மேலாளர் உடனே ஒரு கேள்வியைத் திரையில் காட்டும்: இந்த ஆப்புக்கு அனுமதி தரலாமா? தரலாம் என்றால் ரூட் எண்ணோடு ஒரு தனி நிரல் பின்னணியில் உயிர்பெறும். ஃபோல்டரைத் திறப்பது, பட்டியல் எடுப்பது, நகலெடுப்பது எல்லாம் அந்த உதவியாளின் வேலை. ஃபைல் மேனேஜர் அது தரும் விடையை வாங்கித் திரையில் அழகாக அடுக்குகிறது, அவ்வளவுதான்.

பழைய ஃபைல் மேனேஜர்கள் அந்த உதவியாளிடம் கட்டளைகளை எழுத்தில் அனுப்பி, வந்த பதிலை எழுத்தாகப் படித்துப் பிரித்தன. ஆயிரக்கணக்கான ஃபைல்கள் உள்ள ஃபோல்டரில் அவை தடுமாறியதற்கும், பெயரில் இடைவெளியோ தமிழெழுத்தோ வந்தால் சில ஆப்புகள் குழம்பியதற்கும் இதுவே காரணம்.

அந்தக் கேள்வித் திரையில் 'எப்போதும்' என்பதற்குக் கீழே 'ஒரு முறை', '10 நிமிடம்' என்ற தெரிவுகளும் இருக்கின்றன. நான் எப்போதும் பத்து நிமிடம்தான் தருவேன். ஏன் என்பது கொஞ்சம் கீழே வரும்.

உள்ளே என்னதான் இருக்கிறது

மேல்மட்டத்தில் நிறைய ஃபோல்டர்கள் தெரிந்தாலும் நமக்கு வேலை இரண்டு இடங்களில்தான். 'சிஸ்டம்' என்பது ஃபோனோடு வந்த மென்பொருள். 'டேட்டா' என்பது நாம் பயன்படுத்தத் தொடங்கியபின் சேர்ந்தது. ஃபேக்டரி ரீசெட் செய்தால் அழிவது இரண்டாவதுதான்; அதனாலேயே ரீசெட் செய்தபின்னும் ஃபோனோடு வந்த ஆப்புகள் அப்படியே நிற்கின்றன.

சிஸ்டத்தில் எழுத்துருக்கள் இருக்கின்றன. 'பில்ட்.ப்ராப்' என்ற எழுத்து ஃபைல் இருக்கிறது. ஃபோனின் மாதிரிப் பெயர், திரையில் எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அளவு போன்றவற்றை ஃபோன் தொடங்கும்போது இப்படிப்பட்ட ஃபைல்களிலிருந்துதான் படித்துக்கொள்கிறது. ஒரு எண் பிசகினாலும் ஃபோன் தொடங்காமல் போகலாம். 'ஈடிசி' ஃபோல்டருக்குள் 'ஹோஸ்ட்ஸ்' என்ற குட்டி ஃபைல் உண்டு. எந்த இணையப் பெயரை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று அதில் எழுதினால், இணையத்தில் கேட்பதற்கு முன் ஃபோன் அதைப் பார்க்கும். விளம்பர வழங்கிகளின் பெயர்களை அங்கே எழுதி எங்கும் போகாத முகவரிக்குத் திருப்பிவிட்டால் விளம்பரம் நிற்கும். ரூட் செய்தவர்களில் பலர் இதற்காகவே செய்தார்கள். இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சேவையை நாமே தேர்ந்தெடுக்க விடும் 'பிரைவேட் டிஎன்எஸ்' ஆண்ட்ராய்டு 9-இல் வந்தபின் அதே பலனை ரூட் இல்லாமலே பெருமளவு பெறலாம்.

டேட்டாவுக்குள் இன்னொரு 'டேட்டா' இருக்கிறது. ஒவ்வொரு ஆப்பின் தனி வீடும் அங்கேதான். வாட்ஸ்அப்பின் ஃபோல்டருக்குள் செய்திகளின் தரவுத்தளமும், சேமித்துவைத்த நகலைப் பிரிக்கும் சாவியும் இருக்கும். வேறு பல ஆப்புகளின் ஃபோல்டர்களில், நாம் உள்நுழைந்திருக்கிறோம் என்பதற்கான அடையாளச் சீட்டுகள் கிடக்கும். சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் முன்பு 'மிஸ்க்' என்பதற்குள் இருந்த 'வைஃபை' ஃபோல்டரில் இருந்தன. ஆண்ட்ராய்டு 11 முதல் அதே 'மிஸ்க்'குக்குள் வேறோர் இடத்துக்குப் போய்விட்டன. அந்த ஃபைலைத் திறந்தால் கடவுச்சொல் அப்படியே எழுத்தில் தெரியும். ஊரில் அப்பா மறந்துபோன மோடம் கடவுச்சொல்லை அவருடைய பழைய ஃபோனிலிருந்து இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். ஆண்ட்ராய்டு 10 முதல் க்யூஆர் குறியீடாகவே பகிர முடிவதால் இதற்கும் இன்று ரூட் தேவைப்படாது.

மூன்று அடையாளங்கள்

சரி, ஒட்டுவதற்கு வருவோம்.

முதல் அடையாளம் அனுமதி. உரிமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டி மூன்று இலக்கமாகச் சொல்வார்கள். எழுத்துரு ஃபைலுக்கு 644 இருக்க வேண்டும்: உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், மற்ற எல்லாரும் படிக்கலாம். அதுவே 600 ஆனால் உரிமையாளரைத் தவிர யாராலும் படிக்க முடியாது. என் ஃபோன் சுற்றிக்கொண்டு நின்றது இந்த வேறுபாட்டால்தான்.

இரண்டாவது உரிமையாளர். இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஓர் ஆப்பின் தரவு ஃபோல்டரை நகலெடுத்து வைத்துவிட்டு, ஆப்பை நீக்கி மறுபடி நிறுவி, தரவைத் திரும்ப ஒட்டுகிறோம். ஆப்பைத் திறந்தால் உடனே மூடிக்கொள்கிறது. நகல் கெட்டுவிட்டது என்று நினைப்போம். நகலுக்கு எதுவும் ஆகியிருக்காது. ஒட்டிய வேலையைச் செய்தது ரூட் எண்ணில் ஓடும் உதவியாள். ஆகவே புதிய ஃபைல்களின் உரிமையாளர் 0. தன் வீட்டிலேயே தன் பெயரில் இல்லாத பொருள்களை அந்த ஆப்பால் தொட முடியவில்லை. நகலெடுக்கும்போது உரிமையாளரையும் சேர்த்துக் காப்பாற்றும் ஃபைல் மேனேஜராக இருந்தாலும் தொல்லை தீராது. மறுபடி நிறுவும்போது ஆப்புக்குப் புதிய எண் கிடைத்திருக்கலாம். முன்பு 10143, இப்போது 10171. தீர்வு எளிது: ஆப்பை நிறுவியவுடன், எதையும் ஒட்டுவதற்கு முன், அதன் ஃபோல்டருக்கு எந்த எண் உரிமையாளர் என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஒட்டியபின் உள்ளே இருக்கும் எல்லா ஃபைல்களுக்கும் அதே எண்ணை உரிமையாளராகவும் குழுவாகவும் போட வேண்டும். நல்ல ஃபைல் மேனேஜர்களில் ஃபைலின் 'பண்புகள்' பக்கத்தில் இதற்கு இடம் உண்டு.

மூன்றாவது, லினக்ஸின் கூடுதல் காவல் அமைப்பான எஸ்இ லினக்ஸ் ஒட்டும் முத்திரை. ஆண்ட்ராய்டு 4.3-இல் சோதனையாக வந்தது, 5.0 முதல் முழுசாக அமலில் இருக்கிறது. உரிமையாளரும் அனுமதியும் சரியாகவே இருந்தாலும், 'இந்த வகை நிரல் இந்த வகை ஃபைலைத் தொடலாம்' என்ற தனிச் சட்டம் இது. புதிதாக உருவாகும் ஃபைல் பொதுவாகத் தான் இருக்கும் ஃபோல்டரின் முத்திரையைப் பெறும். ஒரே சேமிப்புப் பகுதிக்குள் ஒன்றை வெட்டி இன்னோர் இடத்தில் ஒட்டினாலோ, ஃபைல் தன் பழைய முத்திரையோடும் பழைய உரிமையாளரோடும் போய் உட்காரும். நகலெடுத்து ஒட்டுவதும் வெட்டி ஒட்டுவதும் திரையில் ஒரே பலனைத் தந்தாலும் ஃபோனுக்கு அவை வேறு வேறு. நகலெடுத்தால் சரியாக இருந்த ஒன்று, வெட்டி ஒட்டினால் வேலை செய்யாமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம். முத்திரையை இருக்கும் இடத்துக்கேற்பத் திருத்த 'ரீஸ்டோர்கான்' என்ற கட்டளை இருக்கிறது. டெர்மினல் ஆப் ஒன்றில் ரூட் அனுமதியோடு அதை ஓட்டினால் போதும்.

இப்போது ஏன் எழுத முடிவதில்லை

ரூட் எக்ஸ்ப்ளோரரின் அந்தப் பொத்தானை இன்றைய ஃபோனில் அழுத்தினால் பெரும்பாலும் 'படிக்க மட்டுமே' என்ற பிழைதான் வரும். ரூட் சரியாக ஆகவில்லையோ என்று பலர் மறுபடி மறுபடி ரூட் செய்து பார்க்கிறார்கள். ரூட்டில் பிழை இல்லை. பகுதியின் கட்டமைப்பே மாறிவிட்டது.

ஆண்ட்ராய்டு 4.4-இல் வந்து 7-இல் கண்டிப்பாக்கப்பட்ட சரிபார்ப்பு, சிஸ்டம் பகுதியின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகையை முன்பே கணக்கிட்டு வைத்திருக்கிறது. ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை பொருந்தாது. அந்தத் துண்டைப் படிக்க ஃபோன் மறுக்கும். ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த ஃபோன்களில் இன்னொரு மாற்றமும் சேர்ந்தது. இரண்டு ஃபைல்களில் ஒரே உள்ளடக்கம் இருந்தால் இடத்தை மிச்சப்படுத்த இரண்டும் ஒரே துண்டைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்றில் எழுதினால் மற்றதும் மாறும் என்பதால் அந்தப் பகுதியை எழுதும் நிலையில் திறக்கவே லினக்ஸ் மறுக்கிறது. புதிய ஃபோன்கள் பலவற்றில் உள்ள ஈரோஃப்எஸ் என்ற அமைப்பிலோ எழுதுவது என்ற செயலே கிடையாது. சுருக்கி அடைக்கப்பட்ட, படிப்பதற்கு மட்டுமான பொதி அது.

இதற்கு விடையாகத்தான் மேஜிஸ்க் நின்றது. தைவானைச் சேர்ந்த ஜான் வூ 2016-இல் வெளியிட்டார். சிஸ்டத்தில் எதையும் எழுதாமல், ஃபோன் தொடங்கும்போது மாற்று ஃபைலை அசல் ஃபைலின் மேல் ஒரு போர்வைபோல விரிப்பது அதன் வழி. ஆப்புகளுக்குப் போர்வைதான் தெரியும். அசல் அடியில் பத்திரமாக இருக்கும். மாற்று ஃபைல்கள் 'டேட்டா' பகுதியில் 'ஏடிபி' என்பதற்குள் 'மாட்யூல்ஸ்' ஃபோல்டரில் இருக்கின்றன. அந்தப் பகுதி எழுதக்கூடியது. ஆகவே எழுத்துருவையோ ஹோஸ்ட்ஸ் ஃபைலையோ மாற்ற நினைப்பவர் ஃபைல் மேனேஜரோடு போக வேண்டிய இடம் இன்று சிஸ்டம் அல்ல, இந்த மாட்யூல்ஸ். தவறாகப் போனால் அந்த மாட்யூலை நீக்கினால் ஃபோன் பழையபடி தொடங்கும். என் முதல் ஃபோனுக்கு இந்த வசதி இருந்திருந்தால் கடைக்குப் போயிருக்க மாட்டேன்.

அப்புறம், 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் இருக்கும் 'டேட்டா' திறக்கவில்லை என்பதற்காக மட்டும் ரூட் செய்யக் கேட்பவர்கள் நிறைய. அது வேறு டேட்டா. பகிர்ந்த சேமிப்பிடத்தில்தான் இருக்கிறது. விளையாட்டுகளின் ஃபைல்கள் அங்கே குவியும். ஆண்ட்ராய்டு 11 அதை ஃபைல் மேனேஜர்களுக்கு மூடியது, 13 மீதி இருந்த இடுக்கையும் அடைத்தது. அதைத் திறக்க ரூட் அளவுக்குப் பெரிய ஆயுதம் வேண்டாம். ஷிசுகு என்ற ஆப், கணினியிலிருந்து கட்டளையிடும்போது கிடைக்கும் 2000 என்ற எண்ணின் உரிமையை ஃபைல் மேனேஜருக்கு வாங்கித் தரும். அந்த வேலைக்கு அது போதும். ஃபோனின் தரவும் அழியாது.

யார் கையில் சாவி

ஃபைல் மேனேஜருக்கு ரூட் தருவது, வீட்டில் உள்ள ஒவ்வொரு பெட்டியின் சாவியையும் ஒரே ஆளிடம் தருவதற்குச் சமம். தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காவல் ஃபோனை முதல் முறை திறக்கும் வரைதான். பின்னை அடித்துத் திறந்தபின் ரூட் நிரலுக்கு எல்லாம் வெறும் ஃபைல்களே.

இஎஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் இங்கே நினைவுக்கு வர வேண்டிய பெயர். ஒரு காலத்தில் எல்லார் ஃபோனிலும் இருந்த ஆப், 10 கோடிக்கும் மேல் நிறுவல்கள். 2019 ஜனவரியில் பாதுகாப்பு ஆய்வாளர் பாப்டிஸ்ட் ரோபேர் ஒரு குறையை வெளியிட்டார்: அந்த ஆப்பை ஒருமுறை திறந்தாலே அது பின்னணியில் 59777 என்ற வாசலைத் திறந்து வைத்தது. ஒரே வைஃபையில் இருக்கும் எவரும் அதன் வழியாக ஃபோனிலுள்ள ஃபைல்களை எடுக்க முடிந்தது. குறையைத் திருத்தினார்கள். ஆனால் சில மாதங்களில், விளம்பர மோசடி நடவடிக்கையின்போது, கூகுள் அந்த ஆப்பையே பிளே ஸ்டோரிலிருந்து நீக்கியது. இப்படிப்பட்ட ஓர் ஆப்பிடம் 'எப்போதும்' என்று ரூட் கொடுத்திருந்தவர்களை நினைத்துத்தான் நான் பத்து நிமிடத்துக்கு மேல் தருவதில்லை. மூலநிரல் திறந்திருக்கும் மெட்டீரியல் ஃபைல்ஸ் இப்போது என் கையில் இருப்பது. அதில் உரிமையாளர், அனுமதி, எஸ்இ லினக்ஸ் முத்திரை மூன்றையும் பண்புகள் பக்கத்திலேயே பார்க்கலாம், மாற்றலாம்.

ரூட் செய்வதற்கான விலையையும் சொல்லியாக வேண்டும். ரூட் செய்ய முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும்; ஃபோன் தொடங்கும்போது எந்த மென்பொருளை ஏற்றலாம் என்று பார்க்கும் நிரல் அது. அதைத் திறக்கும்போது ஃபோனிலுள்ள எல்லாம் அழியும். சாம்சங் ஃபோன்களில் நாக்ஸ் என்ற உருகி ஒருமுறை எரிந்தால் மறுபடி ஒட்ட வழியில்லை. ஆப்புகளையும் ஃபைல்களையும் தனியாகப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் வசதி அந்த ஃபோனில் முடிந்தது. வங்கி ஆப்புகள் பலவும் ரூட் இருப்பதைக் கண்டுபிடித்து ஓட மறுக்கும். மறைப்பதற்கு வழிகள் வருகின்றன, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் உடைகின்றன. சம்பளமும் யுபிஐயும் ஓடும் ஃபோனை ரூட் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை. மேசையில் கிடக்கும் பழைய ஃபோன் இதற்குச் சரியானது.

அதிலும் 'இஎஃப்எஸ்', 'பெர்சிஸ்ட்' என்ற இரண்டு ஃபோல்டர்களுக்குள் போகவே வேண்டாம். ஃபோனின் ஐஎம்இஐ எண் தொடர்பானவையும், தொழிற்சாலையில் அந்த ஒரு ஃபோனுக்கென்றே அளந்து எழுதிய சென்சார் அளவீடுகளும் இப்படிப்பட்ட இடங்களில் இருக்கின்றன. சிஸ்டத்தை அழித்துவிட்டால் நிறுவனத்தின் மென்பொருளை ஏற்றி மீட்கலாம், நான் மீட்டதைப் போல. இவை அந்த மென்பொருளில் இருப்பதில்லை. முன்பே நகல் எடுத்து வைக்கவில்லை என்றால், சிம் போட்டும் சிக்னல் வராத ஃபோனோடு உட்கார வேண்டியதுதான்.

இன்று ஒரு புதிய ஃபோனில் ரூட் அனுமதியோடு 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் என்ற பெயரில் ஒரு ஃபைல் பெரும்பாலும் அங்கே இருக்கும். அனுமதி 644, உரிமையாளர் ரூட்.